லிஃப்டுக்குப் போகும் கோடுகள்

சின்னுவின் மடிக்கணினியில் இருந்த அந்தப் படத்துக்கு அவள் அம்மா வைத்த பெயர் நூலாம்படை. பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். கறுப்புத் திரை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி ஓடும் மெல்லிய கோடுகள். ஒவ்வொரு புள்ளியும் சின்னு எழுதிவைத்த ஒரு குறிப்பு. ஒரு குறிப்புக்குள் இன்னொன்றின் பெயர் வந்துவிட்டால் போதும், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால் கோடு தடிக்கும்.

பகலெல்லாம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் ஆவணக் காப்பாளர் சான்றிதழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள் சின்னு. அங்கே கொடுத்த பயிற்சிதான் இது. கண்ணில் படுவதை எழுது, ஒரு குறிப்பில் ஒரே ஒரு விஷயம், வாரம் ஒருமுறை எந்த நோக்கமும் இல்லாமல் கோடு பிடித்துப் போய்ப் பார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் படித்த புத்தகம், பார்த்த கண்காட்சி என்று கௌரவமாக எழுதினார்கள். சின்னுவுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. எது முக்கியம், எது வெட்டி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று அவளுக்குப் பயம். அதனால் எல்லாவற்றையும் எழுதினாள். வீட்டில் நடப்பது, மாடிப்படியில் கேட்பது, மொட்டை மாடியில் கிடப்பது, எதையும் விடவில்லை.

"இன்னிக்கு நான் தும்மினத எழுதிட்டியா?" என்பாள் அம்மா.

"எழுதிட்டேம்மா. ஜலதோஷத்தோடவும் சேர்த்துட்டேன், தூசியோடவும் சேர்த்துட்டேன். எதுன்னு தெரியல."

"தெரியலன்னா விட வேண்டியதுதானே?"

"விட்டது தப்பாயிட்டா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள். அது வேறொரு குறிப்பு.

அவர்கள் வீடு ஐந்தாம் மாடியில். கட்டடத்துக்கு ஒரே ஒரு லிஃப்ட். கொஞ்ச நாளாக அது மக்கர் செய்துகொண்டிருந்தது. தரைத்தளத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்; கதவு மூடாது. தலைவர் போன் போடுவார். ஊரின் அந்தக் கோடியிலிருந்து மெக்கானிக் வேலையை எல்லாம் போட்டுவிட்டு ஓடி வருவான். அவன் வந்து சேர்வதற்குள் லிஃப்ட் ஒன்றுமே நடக்காதது போல ஜம்மென்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அவனும் பலகையைக் கழற்றி, கம்பியைத் தடவி, மோட்டாரில் காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்குவான். கட்டடத்தில் அவனுக்கு 'உதட்டுப் பிதுக்கி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, குடியிருப்போர் சங்கத் தலைவர் சின்னுவைப் படிக்கட்டில் மடக்கினார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலமாகியும் அதட்டலிலிருந்து ஓய்வு பெறாதவர்.

"ஏம்மா, நீ எல்லாத்தையும் எழுதி வைக்கிறியாமே? உங்கப்பா பெருமையா சொன்னார்."

"எல்லாத்தையும்னு சொல்ல முடியாது சார். முடிஞ்ச வரைக்கும்."

"லிஃப்ட் நின்ன நாளெல்லாம் இருக்கா?"

"இருக்கு சார்."

"பிரமாதம்! ஞாயித்துக்கிழமை கூட்டம். அந்த உதட்டுப் பிதுக்கிய மாத்தப் போறோம். நீ உன் படத்த சுவத்துல போட்டுக் காட்டு. எத்தன தடவ நின்னுது, எத்தன தடவ அவன் சும்மா வந்துட்டுப் போனான், எல்லாம். ஆதாரத்தோட அடிக்கணும்."

சின்னுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளுடைய குறிப்புகளை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் குளிர்ச்சி தரைத்தளம் வரைக்கும்தான் நின்றது. அங்கே மெக்கானிக் லிஃப்டின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் கூப்பிடலையே, ஏன் வந்தீங்க?" என்றாள்.

"கூப்பிடாதப்ப வந்தா கையும் களவுமா பிடிக்கலாம்னு வந்தேன். நான் வந்தா ஒழுங்கா ஓடுது, போனா நின்னுடுது. இந்த லிஃப்டுக்கு என்கிட்ட என்னமோ கோவம்." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "இந்தக் கட்டடம் கைய விட்டுப் போச்சுன்னா என்கிட்ட இருக்கற ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். அது கூடப் பரவால்ல. பதினஞ்சு வருஷமா இதே வேலை. எனக்கு வேலை தெரியுமா தெரியாதான்னே இப்ப சந்தேகமா இருக்கு."

சந்தேகம் என்ற சொல்லைக் கேட்டதும் சின்னுவுக்கு அவன் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டான். தான் எழுதிவைத்ததே இவன் கழுத்துக்குக் கத்தியாகப் போகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் வகுப்பிலிருந்து வந்ததும் நூலாம்படையைத் திறந்தாள். 'லிஃப்ட்' என்ற புள்ளியைத் தொட்டாள். அதிலிருந்து கிளம்பிய கோடுகளில் மெக்கானிக்குக்குப் போனது நடுத்தரம். மின்வெட்டுக்குப் போனது முடி போல இருந்தது. கயிறு கணக்காகத் தடித்த ஒரே ஒரு கோடு போய் முடிந்த இடத்தைப் பார்த்து அவள் கண்ணைக் கசக்கினாள்.

'அத்தை.'

ஒவ்வொரு குறிப்பாகத் திறந்தாள். 'சனிக்கிழமை. அத்தை வருவதாகப் போன். வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லையாம். அம்மா சந்தோஷமாக இருந்தாள்.' அடுத்தது. 'சனிக்கிழமை. அத்தை கீழே வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டாள், மூட்டுவலி, படி ஏற முடியாது. அம்மா பாட்டுப் பாடினாள்.' அதற்கு அடுத்ததிலும் அம்மா பாடியிருந்தாள்.

அப்பாவின் அக்கா அவள். வந்தால் ஜன்னல் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்து, அந்த விரலை அம்மாவின் முகத்துக்கு நேரே ஒரு நிமிஷம் நிறுத்திவைப்பாள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அம்மாவுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும்.

சின்னு சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேக்கறதுக்கு முன்னாடியே கோவம் வருது. கேளு."

"லிஃப்ட நிறுத்தறது நீதானா?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு எட்டி ஹாலைப் பார்த்தாள். அப்பா செய்தியில் மூழ்கியிருந்தார்.

"மெதுவா பேசுடி! ரெண்டே ரெண்டு தடவ. துணிக்கூடைய இந்த மாடியில கதவுக்கு நடுவுல வச்சேன். அவ்வளவுதான்."

"அம்மா!"

"என்ன அம்மா? போன தடவ வந்தப்ப உங்க அத்த ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கைய விட்டுப் பாத்தா. பின்னாடி! எந்த மனுஷி ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தொடைப்பா?"

"ஆனா லிஃப்ட் எப்பவும் கீழ்த்தளத்துலதானே நிக்குது?"

"அதான் நானும் சொல்றேன். ரெண்டு தடவதான் நான். மத்ததெல்லாம் அதுவா நின்னுது. எனக்கு வேண்டியவங்க யாரோ மேல இருந்து பாத்துக்கறாங்கன்னு நெனச்சேன்."

அம்மா பொய் சொன்னால் மூக்கைத் தொடுவாள். அதற்கும் குறிப்பு உண்டு. இப்போது தொடவில்லை. சின்னு திரும்ப வந்து உட்கார்ந்தாள். லிஃப்டை விட்டுவிட்டு, இந்தத் தடவை அத்தையின் புள்ளியிலிருந்து கோடு பிடித்தாள்.

'அத்தையின் பையைப் பஸ் நிறுத்தம் வரை தூக்கிப் போனேன். அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லை.' அதிலிருந்து 'ஈரம்'. ஈரத்திலிருந்து ஏகப்பட்ட கிளைகள். குளியலறைக் கசிவு, குடை, மூன்றாம் மாடி ஏசி. அதெல்லாம் முட்டுச்சந்து. திரும்பி வந்தாள். 'அத்தை போனில் பேசும்போது பின்னால் விசில் சத்தம், குரல் எதிரொலிக்கிறது.' இதற்கு வேறு கோடே இல்லை. 'அத்தையின் கைக்குட்டையில் எங்கள் பல் மருத்துவமனைத் தரை வாசம்.' அதிலிருந்து 'குளோரின்'. குளோரினைத் தொட்டாள். 'தெருக்கோடி நீச்சல்குளத்தைத் தாண்டும்போது வரும் வாசம். வாசலில் பலகை: சனிக்கிழமை காலை பெண்களுக்கு மட்டும்.'

சின்னு நாற்காலியில் சாய்ந்தாள். சீச்சீ, என்றது மனசு. படி ஏறும்போது கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முனகுகிற அத்தை எங்கே, நீச்சல்குளம் எங்கே? நாலு கோடு ஒன்றாக வந்தால் அது உண்மையாகிவிடுமா? எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முடிச்சுப் போட்டால் இப்படித்தான் பைத்தியக்காரத்தனமாக ஏதாவது வந்து விழும். இதை வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. அம்மா எடுத்தாள். "ஐயையோ, அப்படியா? மறுபடியுமா? பாவம் அண்ணி நீங்க, இவ்வளவு தூரம் வந்து..." குரலில் துக்கம் சொட்டியது, முகத்தில் ஒரு சொட்டும் இல்லை.

சின்னு செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படிகளில் இறங்கி ஓடினாள். தரைத்தளத்தில் லிஃப்ட் திறந்து கிடந்தது. அத்தை இல்லை. குனிந்து கதவு ஓடுகிற பள்ளத்துக்குள் பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தபோது பளபளத்தது, கண்ணாடி நிறத்தில் ஒரு குட்டி ரப்பர். நீந்தும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொள்வார்களே, அது.

அதை அங்கேயே விட்டுவிட்டு நீச்சல்குளத்துக்கு நடந்தாள்.

பெண்கள் நேரம். விசில் ஊதும் அம்மாள் ஒருத்தி கரையில் நின்றாள். தண்ணீரின் நடுவில் ஒரு நீலத் தொப்பி நேர்க்கோடு போட்டதுபோல இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய், சுவரை உதைத்து, ஒரு குட்டிக்கரணம் அடித்துத் திரும்பியது. திரும்பி வந்து கரையைப் பிடித்துத் தலையைத் தூக்கியது. சின்னுவின் செருப்பைப் பார்த்தது. பிறகு சின்னுவைப் பார்த்தது.

"நீ இங்க என்னடி பண்ற?" என்றாள் அத்தை.

"அதையேதான் நான் கேக்கலாம்னு வந்தேன் அத்தை."

அத்தை ஒரு நிமிஷம் தண்ணீருக்குள் போய்விட்டாள். மேலே வந்தபோதும் சின்னு அங்கேயே நின்றிருந்ததால் வேறு வழியில்லை.

"டாக்டர்தான் சொன்னாரு. மூட்டுக்கு நல்லது, தண்ணியில நடங்கன்னாரு. நடந்து பாத்தேன். போரடிச்சுது. நீந்தக் கத்துக்கிட்டேன்."

"நல்ல விஷயம்தானே? எதுக்கு ஒளிக்கணும்?"

"நல்ல விஷயமா! உங்கப்பன் காதுல விழட்டும். 'இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்'னு ஆரம்பிச்சு, சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம போன் போட்டுக் கருத்துக் கேப்பான். உங்க மாமா இருக்காரே, அவரு தடுக்க மாட்டாரு. கூடவே வருவாரு. கரையில நாற்காலி போட்டுக்கிட்டு, 'காலை இன்னும் நல்லா உதை, கைய நீட்டு'ன்னு வகுப்பெடுப்பாரு. வாரத்துல ஒரு காலை எனக்கே எனக்கா கெடைக்குது. தம்பி வீட்டுக்குப் போறேன்னா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"அதுக்குக் கதவுப் பள்ளத்துல காது ரப்பர வச்சு லிஃப்ட நிறுத்தணுமா? வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கலாமே?"

"மாமா உங்கப்பாவுக்குப் போன் போட்டு, 'உங்கக்கா வந்துட்டாளா'ன்னு கேப்பாரே! வந்தேன், லிஃப்ட் ஓடல, திரும்பிட்டேன். இதுல ஒரு எழுத்து பொய் இருக்கா சொல்லு?" அத்தை குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மாவுக்கும் நிம்மதி. நான் வந்தா அவ மூஞ்சி போற போக்க நான் பாக்கலன்னு நெனக்கிறியா? அதுக்காகவே இன்னும் ரெண்டு ஜன்னல தேய்ச்சுப் பாப்பேன்."

சின்னு மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னாள். நாளைக் கூட்டத்தைப் பற்றியும், இரண்டு பேர் வீட்டுக்குப் போவதைப் பற்றியும், பதினைந்து வருஷ வேலைமேல் அவனுக்கே வந்துவிட்ட சந்தேகத்தைப் பற்றியும் சொன்னாள். அத்தையின் முகத்திலிருந்து விளையாட்டு வடிந்தது.

"அடப் பாவமே. நீந்திட்டுத் திரும்பறப்ப ரப்பர எடுத்துடுவேன். லிஃப்ட் தானா நின்னு தானா ஓடுதுன்னு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்டி. ஒரு மனுஷன் இதுல மாட்டுவான்னு தோணவே இல்ல." யோசித்தாள். "இனிமே அந்த ரப்பரத் தொட மாட்டேன், சத்தியம். நீ எப்படியாவது அந்தப் பையனக் காப்பாத்திடு. ஆனா என் பேரு வெளிய வரக் கூடாது."

"ரெண்டும் எப்படி அத்தை முடியும்?"

"நீதான் வகுப்புக்கெல்லாம் போறியே?" என்று சொல்லிவிட்டு அத்தை மல்லாக்க மிதந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தரைத்தளக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். முதல் வரிசையின் நட்டநடுவில் அப்பா, தன் பெண்ணே வழக்கறிஞர் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், ஓடுவதற்குத் தோதாக. மெக்கானிக் சுவரோரமாகக் கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி இருந்தான்.

அத்தையின் புள்ளியை அழித்துவிடலாமா என்று சின்னு விடியும்வரை யோசித்திருந்தாள். ஆவணத்தில் கைவைக்கக் கூடாது என்பது வகுப்பில் முதல் நாள் சொன்ன விதி. அதை மீற அவளால் முடியவில்லை. லிஃப்டின் புள்ளியைத் தொட்டால் அடுத்த நொடி அத்தையின் பெயர் துணியில் விழும், அப்பாவின் மூக்குக்கு நேராக. தொடாவிட்டால் மெக்கானிக் போய்விடுவான். என்ன செய்வதென்று தெரியாத சின்னு, தெரியாதவர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தாள். நேரம் கடத்தினாள். லிஃப்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்து தொடங்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் இருந்து தொடங்குவது என்று முடிவெடுத்தாள்.

"லிஃப்ட் ஏன் நிக்குதுன்னு தெரியணும்னா, கட்டடத்துல நடக்கறது எல்லாத்தையும் வரிசையா பாக்கணும்," என்றாள். "மேல இருந்து வரேன். மொட்டை மாடி."

புள்ளியைத் தொட்டாள். கோடுகள் விரிந்தன. 'மொட்டை மாடி: சிந்திய தானியம்.' 'மொட்டை மாடி: புறா எச்சம்.' 'புறாக்களுக்குத் தீனி போடக் கூடாது – தலைவர் கையெழுத்திட்ட அறிவிப்பு.' அதிலிருந்து இன்னொரு கோடு மெல்ல நீண்டு எழுத்தாக மாறத் தொடங்கியது. 'அதிகாலை. தலைவர். கையில் தானியப் பை. புறாக்களிடம் கொஞ்சிப் பேசுகிறா...'

தலைவருக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் அல்ல; எழுந்து நின்று, வெள்ளைத் துணிக்கு முன்னால் போய் இருமினார்.

"இதெல்லாம் எதுக்கும்மா இப்ப? லிஃப்டுக்கு வா."

"அதுக்குத்தான் சார் போய்க்கிட்டு இருக்கேன். இப்படியே போனா மூணாம் மாடி வரும். அங்க செய்தித்தாள்னு ஒரு புள்ளி."

மூன்றாம் மாடிக்காரர் நிமிர்ந்தார். "என் வீட்டுப் பேப்பரா? தெனம் யாரோ பிரிச்சுப் படிச்சுட்டு மடிச்சு வைக்கறாங்கன்னு நான் கத்திக்கிட்டே இருக்கேனே..."

"அதேதான் சார். அதுலேர்ந்து ஒரு கோடு போகுது, செயலாளர் ஆன்ட்டி வீட்டு..."

"ஒரு நிமிஷம்!" என்றார் செயலாளர் ஆன்ட்டி. அவர் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. "லிஃப்டு பழசு. பழசுன்னா நிக்கத்தான் செய்யும். பாவம் அந்தப் பையன் கூப்பிட்ட குரலுக்கு வரான். எனக்கு அவன் மேல எந்தக் குறையும் இல்ல."

"எனக்கும் இல்ல," என்றார் தலைவர், துணியை மறைத்தபடியே.

சின்னுவுக்கு ஒன்றும் புரியவில்லை. தான் எங்கேயோ தப்புச் செய்துவிட்டதாகத்தான் பட்டது. சீக்கிரம் அடுத்த புள்ளிக்குப் போய்விடலாம் என்று பதறியதில் விரல் தவறி வேறெங்கோ பட்டது. 'அப்பா' என்று துணியில் விரிந்தது. 'அப்பா: காலை நடைப்பயிற்சி.' 'நடைப்பயிற்சி: திரும்பும்போது சட்டையில் கேக் துகள்.' 'சர்க்கரை: டாக்டர் கண்டிப்பாக...'

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலேயே அம்மா எழுந்து நிற்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"போதும்மா!" என்றார் அப்பா. "கண்ணு கூசுது. பழைய மெக்கானிக்கே இருக்கட்டும். நான் முன்மொழியறேன்."

"வழிமொழிகிறேன்!" நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன. கைகள் மடமடவென்று உயர்ந்தன. துணிக்கூடையை நினைத்துக்கொண்டு அம்மா இரண்டு கையையும் தூக்கினாள். போன வாரம்தான் குடிவந்த ஓர் இளைஞன் மட்டும், "எனக்கு மிச்சத்தையும் பாக்கணும் போல இருக்கு," என்றான்.

"உக்காருப்பா!" என்றது கூட்டம் முழுவதும்.

வெள்ளைத் துணியை யாரோ அவிழ்த்தே விட்டார்கள்.

கூடம் காலியான பிறகு மெக்கானிக் அவளிடம் வந்தான். முகத்தில் சந்தோஷம் இருந்தது; ஆனால் முழுசாக இல்லை.

"ரொம்ப நன்றிங்க. ஆனா கடைசி வரைக்கும் காரணம் சொல்லலையே? வேலை இருக்கு, சரி. நான் கோட்டை விட்டது எங்கன்னு தெரியலன்னா எனக்குத் தூக்கம் வராது."

சின்னு தயங்கினாள். பெயர்தானே வெளியே வரக் கூடாது. ரப்பர் வரலாம் அல்லவா?

"நீங்க எதையும் கோட்டை விடல. கதவுப் பள்ளத்துல ஒரு ரப்பர் வச்சு எடுத்திருக்காங்க. நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவாங்க. இனிமே வைக்க மாட்டாங்க."

அவன் அவளையே பார்த்தான். பிறகு லிஃப்டைப் பார்த்தான். தோள் இரண்டும் ஒரு அங்குலம் இறங்கின. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"யாரு? எதுக்கு?"

"அதச் சொல்ல முடியாது. சனிக்கிழமை காலைல, பத்துலேர்ந்து பதினொண்ணரை வரைக்கும் இந்த லிஃப்ட் ஓடாம இருந்தா ஒருத்தருக்கு ரொம்ப உபகாரம். அவ்வளவுதான்."

"அட, இவ்வளவுதானா?" என்றான் அவன். கருவிப்பைக்குள் கையை விட்டு ஒரு பலகையை எடுத்தான். 'பராமரிப்பு நடைபெறுகிறது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. "ஒப்பந்தப்படி நான் வாராவாரம் வந்து எண்ணெய் போடணும். எந்தக் கிழமைன்னு அதுல எழுதல."

"எண்ணெய் போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி."

சின்னுவின் முகம் வாடியது. பொய் சொல்லச் சொல்கிறோமோ என்று உள்ளே ஒரு குடைச்சல்.

"பொறுமையா போட்டா ஒண்ணரை மணி," என்றான் மெக்கானிக். "பொறுமையா போடறதுதான் லிஃப்டுக்கும் நல்லது."

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குத் தரைத்தளத்தில் பலகை தொங்கியது. மெக்கானிக் கதவைத் திறந்துபோட்டு, குப்பியை ஒரு கையிலும் துணியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, சொட்டுக்குச் சொட்டு இடைவெளி விட்டு எண்ணெய் போட்டான். சின்னு முதல் மாடித் திருப்பத்தில், தற்செயலாக நிற்பதுபோல நின்றாள்.

தோளில் பையோடு அத்தை வந்தாள். பலகையைப் படித்தாள். ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடாதா தம்பி?"

"ஓடாதும்மா. பதினொண்ணரை ஆயிடும்."

"அடடா. எனக்கோ முட்டி வலி. அஞ்சு மாடி எப்படி ஏறுவேன்?" அத்தை போனை எடுத்துத் தன் துயரத்தை அம்மாவிடம் சொல்லி முடித்தாள். மேலே ஐந்தாம் மாடியில் யாரோ பாடத் தொடங்கியது படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது.

அத்தை திரும்பி வாசலைத் தாண்டினாள். தாண்டியதுதான் தாமதம், முட்டியிலிருந்த கை எடுபட்டது. நடை விறுவிறுவென்று தெருக்கோடிப் பக்கம் போயிற்று. பையின் வாயிலிருந்து ஒரு நீலத் தொப்பி எட்டிப் பார்த்தது.

மெக்கானிக் குப்பியைக் கீழே வைத்தான். அத்தை போன திசையைப் பார்த்தான். மெல்லக் கழுத்தைத் திருப்பிப் படிக்கட்டுத் திருப்பத்தைப் பார்த்தான். சின்னு அவசர அவசரமாக விட்டத்தில் எதையோ தேட ஆரம்பித்தாள்.